அரளி முதல் காகிதப்பூ வரை: சவர பிளேடால் செக்‌ஷன் எடுத்த அனுபவம்

அரளி இலையின் அடிப்பக்கக் குழிக்குள், தூவிகளுக்கு (நுண் முடிகளுக்கு) நடுவே ஒளிந்திருக்கும் இலைத்துளைகளை, அவற்றைத் திறந்து மூடும் காப்புச் செல்களோடு காட்டும் ஒரு நல்ல குறுக்குவெட்டு கையாலேயே வெட்டிக் கிடைத்துவிட்டது. மைக்ரோடோம் என்கிற மெல்லியதாகச் சீவும் கருவி இல்லை, திசுவுக்குள் மெழுகு ஏற்றும் வேலையும் இல்லை. சவர பிளேடு, ஊசி கழற்றிய சிரிஞ்சு, டொலூடின் புளூ சாயம், இவ்வளவுதான். அதே முறையை அப்படியே செம்பருத்திக்கும் காகிதப்பூவுக்கும் கொண்டுபோனால் ஒன்றும் தேறவில்லை. இதில் பிளேடைக் குறை சொல்ல முடியாது. செடிக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் எப்படி வெட்டவேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அரளிக்குள் காற்று அடைத்திருக்கிறது, செம்பருத்திக்குள் கொழகொழப்பு, நந்தியாவட்டைக்குள் பால், காகிதப்பூவுக்குள் வளையம் வளையமாகக் கட்டை, டிசம்பர் பூவின் இலைக்குள் அமிலம் பட்டால் கரைந்துபோகும் சுண்ணாம்புக் கட்டி. இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டால் எத்தனை பிளேடு மாற்றினாலும் பலன் இல்லை.

பிளேடும் தாங்கியும்

இருபக்கமும் கூருள்ள சவர பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. இலைக்கும் பச்சைத் தண்டுக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. கட்டை பிடித்த தண்டில் மட்டும் இது வளைந்துகொடுத்துவிடும். வெட்டிய துண்டு ஒரு ஓரத்தில் தடித்தும் மறு ஓரத்தில் கிழிந்தும் வரும். அதற்கு முதுகில் தகடு பிடித்த ஒருபக்க பிளேடு வேண்டும். அதன் தடிமன் சுமார் 0.23 மி.மீ., வளையாது. இருபக்க பிளேடைப் பயன்படுத்தும்போது பிடிக்கும் பக்கத்தை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். வெட்டும் விளிம்பை மார்க்கரால் மூன்று பகுதியாகக் குறித்துக்கொண்டு, ஒரு பகுதி மழுங்கினால் அடுத்ததற்கு நகருங்கள். புது பிளேடில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு வெட்டவேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணெய்த் துளிகள், கொழுப்பில் நிறமேறும் சூடான் சாயத்தில், இலையின் மேல் மூடியிருக்கும் மெழுகுப் படலமான கியூட்டிகிள் மாதிரியே ஆரஞ்சு நிறமாகி ஏமாற்றும்.

இலைத் துண்டு தானாக நிமிர்ந்து நிற்காது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி தேவை. வழக்கமாகச் சொல்லப்படுவது கேரட். 70 சதவீத ஆல்கஹாலில் ஓரிரு நாள் ஊறிய கேரட் பச்சைக் கேரட்டைவிட விறைப்பாக, நேராக வெட்டுப்படும். ஆனால் அதன் செல்களும் சாயம் ஏற்கும், வாட்ச் கிளாஸில் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டில்) இலைத் துணுக்குகளோடு கலந்து கிடக்கும். எனக்குப் பிடித்தது மணிமணியாகப் பிரியாத, அடர்த்தியான தெர்மாகோல் பலகை. சாயம் பிடிக்காது, தண்ணீரில் மிதந்து தானாகவே ஒதுங்கிவிடும். சாதாரண வெள்ளைத் தெர்மாகோலில் பிளேடு பட்டதும் ஒரு மணி முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வரும், கூடவே இலையும் கிழியும். பலகையில் 10 மி.மீ. சதுரத்தில் ஒரு குச்சி வெட்டி, நுனியிலிருந்து 15 மி.மீ. ஆழத்துக்கு நடுவில் பிளந்து, பிளவுக்குள் இலைத் துண்டை வைத்தால் போதும்.

வெட்டும் விதத்தில் கவனிக்க வேண்டியது சிலதுதான். தாங்கியின் மேல்முகம் முதலில் சமமாக இருக்கவேண்டும். ஒரு தடவை தடிமனாகச் சீவித் தள்ளிவிட்டு அதற்குப் பிறகுதான் உண்மையான வெட்டு. பிளேடும் மேல்முகமும் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். பிளேடைக் கீழே அழுத்தாமல், சாய்வாக உங்களை நோக்கி ஒரே இழுப்பில் இழுங்கள். அறுப்பதுபோல முன்னும் பின்னும் ஆட்டினால் செல் சுவரில் படிப்படியாகக் கோடு விழும். முழு வட்டமாக ஒரு துண்டு வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஆப்பு மாதிரி மெலிந்துபோகிற துண்டில், அந்த மெல்லிய விளிம்புதான் பெரும்பாலும் மிகச் சிறந்த இடமாக இருக்கும். ஒரே மூச்சில் இருபது முப்பது துண்டு வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கறுப்புத் தாளின் மேல் வாட்ச் கிளாஸை வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத அளவு ஒளி ஊடுருவுகிற மூன்று நான்கை மட்டும் ஈரமான பிரஷ்ஷால் எடுங்கள். இடுக்கியால் எடுத்தால் மடங்கிவிடும்.

செல்கள் ஒரே பக்கமாக இழுத்த மாதிரி நீண்டு தெரிந்தாலோ, ஃபோகஸை நகர்த்தும்போது சுவர்கள் பக்கவாட்டில் நகர்வது போலத் தோன்றினாலோ வெட்டு சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டில் எதையும் அளக்கக்கூடாது.

நட்டும் போல்ட்டும்

கை நடுங்காமல் ஒரே தடிமனில் வேண்டுமென்றால் நட்டு-போல்ட்டு மைக்ரோடோம் செய்துகொள்ளலாம். எம்12 போல்ட்டின் சாதாரண மரைக்கு ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. நகர்வு. போல்ட்டின் தலையில் 36 பிரிவு போட்ட காகித வட்டத்தை ஒட்டினால் ஒரு பிரிவு, அதாவது 10 டிகிரி, சுமார் 49 மைக்ரோமீட்டர். நுண்மரை போல்ட்டு கிடைத்தால் இன்னும் நல்லது: சுற்றுக்கு 1.25 மி.மீ. என்றால் அதே 10 டிகிரியில் சுமார் 35 மைக்ரோமீட்டர். உயரமான நட்டாகப் பார்த்து எடுங்கள். மேல்முகத்தை 400, பிறகு 800 எண் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் பரப்பித் தேய்த்துச் சமப்படுத்தினால்தான் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும்.

போல்ட்டை அடியிலிருந்து மூன்று நான்கு சுற்று ஏற்றி, மேலே உள்ள பள்ளத்தில் துண்டை நிறுத்தி, உருகிய பாரஃபின் மெழுகை ஊற்றுங்கள். மெழுகு 56 முதல் 58 டிகிரியில் உருகும் ரகமாக இருந்தால், உருகி முடிந்த உடனே ஊற்றவேண்டும். புகை வரும் வரை சூடாக்கினால் இலை வெந்து, பாலிசேடு செல்கள் (மேல்பக்கத் தோலுக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் நீண்ட செல்கள்) சுருங்கிவிடும். துண்டின் வெளிப்பரப்பு ஈரமாக இருந்தால் மெழுகு பிடிக்காமல் முதல் வெட்டிலேயே இலை உருவிக்கொண்டு வரும். டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மெழுகு நட்டின் மரைக்குள்ளும் இறங்கி உறைந்துவிடுவதால், போல்ட்டைத் திருப்பும்போது மெழுகும் உள்ளே இருக்கும் இலையும் சேர்ந்தே சுழலும். தண்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இலைக்கு ஆகும். ஒன்பது வெட்டில் இலை 90 டிகிரி திரும்பி, முதலில் அதன் விளிம்பில் நுழைந்த பிளேடு இப்போது அகலப் பக்கத்தில் மோதும். அகலப் பக்கமாக வெட்டினால் மேல் புறத்தோல் உள்ளே நசுங்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் நட்டைக் கையில் அதே 10 டிகிரி பின்னால் திருப்பிப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். மெழுகின் மேல் இலை இருக்கும் திசையில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்தால் கண் தப்பாது.

சாயங்கள்

டொலூடின் புளூ 50 மில்லிகிராம், தண்ணீர் 100 மில்லி. இந்த 0.05 சதவீதக் கரைசலில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்து, தண்ணீரில் அலசிப் பார்த்தால் போதும். லிக்னின் (கட்டைத்தன்மை தரும் பொருள்) ஏறிய சுவர்கள், அதாவது நீரைக் கடத்தும் சைலமும் நார்களும், பச்சை கலந்த நீலமாகும். லிக்னின் இல்லாத பாரன்கைமா, கோலன்கைமா ஆகிய மென்திசுக்களின் சுவர்கள் ஊதாவாகும். ஒரே சாயத்தில் இரண்டு வகையும் பிரிந்து தெரிவதால் சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தைவிட இதைத்தான் முதலில் எடுக்கிறேன். கிளிசரினில் மவுன்ட் செய்தால் (ஸ்லைடில் வைத்து மூடினால்) இந்தச் சாயம் மெல்ல வெளியே கசியும், படம் எடுக்க வேண்டியதை அன்றே எடுத்துவிட வேண்டும்.

லிக்னினை மட்டும் சந்தேகமில்லாமல் காட்ட ஃபுளோரோகுளூசினால் என்ற வேதிப்பொருள்: 95 சதவீத ஆல்கஹாலில் 2 சதவீதம். துண்டை அதில் ஐந்து நிமிடம் வைத்து, ஸ்லைடில் ஏற்றி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் லிக்னின் உள்ள இடமெல்லாம் செஞ்சிவப்பாகும். நிறம் நிலைக்காது. அமில ஆவி லென்ஸையும் உலோகத்தையும் அரிக்கும். ஆகவே ஓரத்தில் வழிவதை ஒற்றி எடுத்துவிட்டு, 4 மற்றும் 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்கு அருகே உள்ள லென்ஸில்) மட்டும் பார்த்து, உடனே ஸ்லைடை இறக்கிவிடுங்கள். கியூட்டிகிளுக்கு, 70 சதவீத ஆல்கஹாலில் முழுமையாகக் கரைந்து தெளிந்த சூடான் III, 15 முதல் 20 நிமிடம்.

அளவெடுக்க, கண்வில்லை அளவுகோலை ஆப்ஜெக்டிவ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரின் (அளவு பொறித்த ஸ்லைடின்) ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் அதன் 10 பிரிவுகள் கண்வில்லையின் 40 பிரிவுகளோடு பொருந்தினால், கண்வில்லையின் ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீட்டர். 10 மடங்கில் எடுத்த எண்ணை வைத்து 40 மடங்குக்குக் கணக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆப்ஜெக்டிவில் அச்சிட்டிருக்கும் எண் முழுத் துல்லியம் கிடையாது.

அரளி

முதலில் எச்சரிக்கை. அரளியின் இலை, தண்டு, பூ, வேர் எல்லாமே நஞ்சு, காய்ந்த பிறகும் நஞ்சுதான். கையுறை போடுங்கள். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் அதை இங்கே விட்டுவிடுங்கள். வெட்டிய பலகையும் வாட்ச் கிளாஸும் சமையலறைப் பக்கமே போகக்கூடாது.

நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது வட்டத்து இலை போதும். முழுதாக விரிந்திருக்கும், ஆனால் நார் முற்றியிருக்காது. நடுநரம்பும் அதன் இருபக்கமும் 3 மி.மீ. இலையும் சேர, 8 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு. இதை நேராக வெட்டித் தண்ணீரில் மவுன்ட் செய்தால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். அது அழுக்கோ அதிகச் சாயமோ இல்லை, குழிகளுக்குள் தூவிகள் பிடித்துவைத்திருக்கும் காற்று.

அதை வெளியேற்றச் சிரிஞ்சு. 10 மில்லி சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் எடுத்து, இலைத் துண்டை உள்ளே போட்டு, மேலே உள்ள காற்றைத் தள்ளிவிட்டு, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். அப்போது இலையைக் கவனியுங்கள். மேல்பக்கம் சும்மா இருக்கும். அடிப்பக்கத்தில் மட்டும், நரம்புகளுக்கு இடையே உள்ள இடங்களில், பொடிப்பொடியாகக் குமிழிகள் முளைத்துப் பெருத்து, ஒவ்வொன்றாக விடுபட்டு மேலேறும். இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன என்பது மைக்ரோஸ்கோப்புக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. பிஸ்டனை விட்டு, மறுபடி இழுத்து, துண்டு தண்ணீரில் மூழ்கும் வரை செய்யவேண்டும். மிதக்கிற துண்டுக்குள் இன்னும் காற்று இருக்கிறது.

இப்படிக் காற்று போன துண்டிலிருந்து எடுத்த செக்‌ஷனில், மேலிருந்து பார்த்தால் தடித்த கியூட்டிகிள். அதன் கீழே இரண்டு மூன்று அடுக்காகப் பச்சையமில்லாத செல்கள், அதாவது பல அடுக்குப் புறத்தோல். அடுத்து நெருக்கி அடுக்கிய பாலிசேடு, பெரும்பாலும் இரண்டு வரிசை. பிறகு இடைவெளி நிறைந்த பஞ்சுத் திசு, அங்கங்கே முள் உருண்டை வடிவில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கீழே மறுபடியும் பல அடுக்குப் புறத்தோல், அதை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் குழிகள். நடுநரம்பில் சைலத்துக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும், உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயம் இருப்பதைத் தவறவிடாதீர்கள். அரளி சேர்ந்த அப்போசைனேசி குடும்பத்தின் முக்கியமான அடையாளம் அது. தண்டிலும் சைலத்தின் உட்பக்கத்தில் ஃபுளோயம் இருக்கும்.

குழியைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அது வாய் குறுகிய உருண்டைக் குழி, நீண்ட வாய்க்கால் அல்ல. ஆகவே சரியாக நடுவில் வெட்டுப்பட்ட குழியில் மட்டும்தான் வாய் திறந்திருப்பது தெரியும். ஓரமாக வெட்டுப்பட்டால் தூவிகள் நிறைந்த மூடிய அறைபோலத் தெரியும். அதைப் பார்த்துக் குழி மூடியிருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது, பக்கத்துக் குழியையும் பாருங்கள். தடிமன் 20 முதல் 30 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் தூவிகள் விலகி, குழியின் சுவரில் இருந்து லேசாக எழும்பி நிற்கும் சின்னஞ்சிறு காப்புச் செல் ஜோடிகள் 40 மடங்கில் தெரியும். நுண் திருகை ஒரு மயிரிழை மேலும் கீழும் அசைத்தால் ஜோடியின் நடுவே உள்ள திறப்பு தோன்றி மறையும். 50 மைக்ரோமீட்டரைத் தாண்டிய துண்டில் தூவிக் காடு மட்டும்தான்.

இலைமேல் நெயில் பாலிஷ் பூசி உரித்தெடுக்கும் அச்சு முறை அரளியில் பயன்படாது. பாலிஷ் குழியின் வாயோடு நின்றுவிடும். அச்சில் வட்ட ஓட்டைகளும் தூவி நுனிகளும்தான் பதியும், இலைத்துளை ஒன்றுகூட இருக்காது. இலையின் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி ஒரு பென்சில்மேல் சுற்றி, பரப்புக்கு இணையாக மெல்லிய சீவல் எடுத்து, உட்பக்கம் மேலே வரும்படி வைத்தால் குழிகளின் பரவலைப் பார்க்கலாம்.

நந்தியாவட்டையும் இதே குடும்பம்தான், ஆனால் அங்கே பால் கொட்டும். பிளேடில் பிசினாக ஒட்டி இரண்டாவது வெட்டிலேயே கூர் போய்விடும். வெட்டிய தண்டைப் பால் நிற்கும் வரை தண்ணீரில் வைத்து, பிறகு இரண்டு நாள் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் பால் குழாய்களுக்குள்ளேயே உறைந்துவிடும். உறைந்த பால்தான் நெடுக்குவெட்டில் பால்குழாயை அடையாளம் காட்டும், குறுக்குச் சுவர் இல்லாமல் நீண்டு ஓடும். குறுக்குவெட்டில் அதைப் பாரன்கைமா செல்லிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

செம்பருத்தி

பச்சையாக வெட்டினால் துண்டு பிளேடோடு ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் விட்டதும் நூல் நூலாகக் கொழகொழப்பு வழியும். டொலூடின் புளூவில் அந்த மியூசிலேஜே இளஞ்சிவப்பு-ஊதாவாகச் சாயம் பிடித்து, பின்னால் இருக்கும் செல்களை மூடிவிடும். அதிக நேரம் அலசினால் போய்விடும் என்று தோன்றும். தண்ணீரில் அலச அலச அது இன்னும் ஊதிப் பெருகத்தான் செய்யும்.

ஆல்கஹாலில் மியூசிலேஜ் சுருங்கிக் கெட்டியாகும். எனவே தண்டையும் இலைக்காம்பையும் 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு இரவு வைத்து, வெட்டும்போதும் பிளேடைத் தண்ணீருக்குப் பதில் அதே ஆல்கஹாலில் நனையுங்கள். துண்டுகளையும் ஆல்கஹாலிலேயே சேகரித்து, சாயத்துக்கு முன் மட்டும் சில விநாடி தண்ணீரில் காட்டுங்கள். சாயம் 15 விநாடி போதும்.

3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள தண்டில் பார்க்கவேண்டிய அழகு ஃபுளோயம்தான். வெளிப்பக்கம் குறுகி உள்பக்கம் அகன்ற முக்கோணங்களாக நிற்கும். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் பச்சை-நீல நார்ப் பட்டையும் ஊதா நிற மென்திசுவும் மாறி மாறி அடுக்காக வரும். முக்கோணங்களுக்கு இடையே, ஆரவாக்கில் ஓடும் கதிர்த்திசு வெளியே போகப் போக விரியும். செம்பருத்தித் தண்டை ஒடித்தால் பட்டை முறியாமல் நாராக உரிந்து வருவது ஏன் என்பதற்கு இந்த ஒரு செக்‌ஷனே பதில். புறணியிலும் (தோலுக்கு உட்புறப் பகுதி) பித்திலும் (தண்டின் நடுப்பகுதி) முள் உருண்டைப் படிகங்கள் நிறைய. போலராய்டு ஃபிலிம் இரண்டு துண்டு இருந்தால் ஒன்றை விளக்குக்கு மேல், மற்றதைக் கண்வில்லைக்கு மேல் வைத்துத் திருப்புங்கள். பின்னணி இருண்டு படிகங்கள் மட்டும் சுடர்விடும், எண்ணுவது சுலபம்.

பவளமல்லி

நான்கு பட்டையான தண்டு. சொரசொரப்பான தூவிகளில் காற்று தங்கும், ஆல்கஹாலில் ஒருமுறை முக்கினால் போய்விடும். கணுவுக்கு அருகே வெட்டாதீர்கள், இலைக்குப் போகும் வாஸ்குலக் கற்றைகள் (சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கட்டுகள்) கலந்து படம் குழம்பும். இடைக்கணுவின் நடுவில் வெட்டி ஃபுளோரோகுளூசினால் போட்டால், நடுவில் வழக்கமான சைலம் வளையமும், நான்கு மூலைகளிலும் புறணிக்குள் ஒவ்வொரு தனிக் கற்றையும் சிவக்கும். மூலைக் கற்றைகள் தலைகீழ்: சைலம் வெளிப்பக்கம், ஃபுளோயம் உட்பக்கம். சாய்வான வெட்டில் ஒரு மூலை நன்றாகவும் எதிர் மூலை மங்கியும் தெரியும். நான்கும் ஒரே தெளிவில் வரும் துண்டைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுக்கும் இடத்தில், அசாதாரணத் தண்டமைப்புக்கு இதைவிட எளிதாகப் புரியும் உதாரணம் தெரியவில்லை.

இட்லிப்பூவும் டிசம்பர் பூவும்

இலைத்துளை வகைகளுக்கு இந்த இரண்டும் போதும். இட்லிப்பூ இலையின் அடிப்பக்கம் வழுவழுப்பானது, நெயில் பாலிஷ் அச்சு கச்சிதமாக வரும். நிறமில்லாத பாலிஷை மெல்லியதாக ஒரே பூச்சு பூசி, 15 நிமிடம் காயவைத்து, ஒளி ஊடுருவும் டேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்டுங்கள். இரண்டு பூச்சு பூசினால் தடித்து விளிம்பு சுருளும். இட்லிப்பூ சேர்ந்த ரூபியேசி குடும்பத்துக்கு உரியபடி, துளைக்கு இணையாக இருபக்கமும் ஒவ்வொரு துணைச் செல் (காப்புச் செல்லை ஒட்டிய செல்). டிசம்பர் பூவில் துணைச் செல்கள் இரண்டும் துளைக்குக் குறுக்காக நிற்கும்.

டிசம்பர் பூ இலையில் தேடவேண்டிய இன்னொன்று சிஸ்டோலித், கால்சியம் கார்பனேட் கட்டி. இங்கேதான் வழக்கமான எஃப்.ஏ.ஏ. கரைசல், அதாவது ஃபார்மலின் 5, அசிட்டிக் அமிலம் 5, 70 சதவீத ஆல்கஹால் 90 பங்கு, காரியத்தைக் கெடுக்கும். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிடுவதால் பெரிய வெற்றுச் செல்கள் மட்டும் மிஞ்சும். இந்த இலையை வெறும் 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். பச்சையம் போன பிறகு ஹைப்போகுளோரைட் பிளீச்சில் வெளுக்கவைத்து, நன்றாக அலசி, கிளிசரினில் வைத்துப் பார்த்தால் முனையோடு முனை தொடும் ஜோடிக் கட்டிகள் தெரியும். சந்தேகம் வந்தால் கவர் ஸ்லிப் ஓரத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு எதிர் ஓரத்தில் ஒற்றுத்தாளால் இழுங்கள். கார்பனேட் குமிழி விட்டுக் கரையும். ஆக்சலேட் படிகம் அசையாது. அதைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும், அப்போதும் குமிழி வராது. கனகாம்பரமும் டிசம்பர் பூவின் அக்காந்தேசி குடும்பம்தான் என்று அதில் சிஸ்டோலித்தைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அதன் உட்பிரிவுச் செடிகளில் அது கிடையாது.

காகிதப்பூ

கடினமானது இதுதான், கற்றுக்கொடுப்பதும் இதுதான். இளந்தண்டில், நுனியிலிருந்து நான்காவது முதல் ஆறாவது இடைக்கணுவில், பித்துக்குள்ளேயே வாஸ்குலக் கற்றைகள் சிதறிக் கிடக்கும். ஒருவிதையிலைத் தாவரமோ என்று முதல் பார்வையில் சந்தேகம் வரும். அவற்றைச் சுற்றித்தான், புதுத் திசுவை உருவாக்கும் செல் அடுக்கான கேம்பியம் வேலையைத் தொடங்குகிறது. முற்றிய தண்டில் ஒரு கேம்பியத்தோடு நிற்காமல், வெளியே வெளியே புதிய கேம்பியங்கள் அடுத்தடுத்து உருவாகும். ஒவ்வொன்றும் உள்ளே சைலமும் வெளியே ஃபுளோயமும் விட்டுக்கொண்டே போவதால், லிக்னின் ஏறிய கெட்டித் திசுவுக்குள் மென்மையான ஃபுளோயம் தீவு தீவாக அடைபட்டுவிடும்.

பிளேடுக்கு அதுவே வினை. கெட்டியிலிருந்து மென்மைக்கும் மறுபடி கெட்டிக்கும் தாவித் தாவிப் போவதால், ஃபுளோயம் தீவுகள் பிய்ந்து ஓட்டையாகிவிடும். தண்டை 15 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் தானாக மூழ்கும் வரை கொதிக்கவிட்டு, சம அளவு கிளிசரினும் 70 சதவீத ஆல்கஹாலும் கலந்ததில் இரண்டு வாரமாவது ஊறவைக்க வேண்டும். அதன் பிறகும் முழு வட்டத்தைக் குறிவைக்காமல், நீளவாக்கில் நான்காகப் பிளந்து ஒரு கால் பங்கை மட்டும் தடித்த பிளேடால் வெட்டுங்கள். பரப்பு குறைந்தால் விசை குறையும், தீவுகள் தங்கும். ஃபுளோரோகுளூசினாலில் சிவப்புப் பின்னணியில் நிறமேறாத தீவுகளின் வரிசை வளையமாகத் தெரியும்.

புறணியில் ஊசிக் கற்றைகளாக ராஃபைடுகள் இருக்கும். பிளேடு அவற்றை இழுத்துக்கொண்டு போவதால் ஸ்லைடு முழுக்க ஊசிகள் சிதறிக் கிடக்கும். அவற்றின் இடத்தைச் சிதறிய ஊசியை வைத்துக் குறிக்கக்கூடாது. நெடுக்குவெட்டில் ஒரு செல்லுக்குள் முழுக் கட்டாக இருப்பதைக் கண்டபிறகே குறிக்கவேண்டும்.

அடுத்த முறை மாற்றப்போவது இதைத்தான். விரல் தடிமனுக்கு மேற்பட்ட காகிதப்பூத் தண்டுக்கு செக்‌ஷன் எடுப்பதையே விட்டுவிட்டு, நிழலில் மெதுவாகக் காய்ந்த தண்டின் வெட்டுமுகத்தை 240, 400, 800, 1200 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்ப்பது உத்தமம். வெயிலில் காயவைத்தால் ஆரவாக்கில் வெடிக்கும். ஒரு தாளின் கீறல் முழுதாக மறையாமல் அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. திசையை ஒவ்வொரு தாளுக்கும் 90 டிகிரி மாற்றினால் பழைய கீறல் மிச்சமிருப்பது கண்ணில் படும். 10 மடங்கு கைலென்ஸில் எல்லா வளையங்களையும் ஒரே பார்வையில் எண்ணலாம். காய்ந்து சுருங்கிய ஃபுளோயம் சிறு பள்ளங்களாக நிற்பதால் தேய்த்த தூள் அதற்குள் அடைத்துக்கொள்ளும். துணியால் துடைத்தால் இன்னும் இறுகும். காலிச் சிரிஞ்சால் காற்றை ஊதி வெளியேற்றிவிட்டு எண்ணுங்கள்.